ஒட்டா என்றொரு குயவன்

மார்ச் 4

அண்ணிக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தல் உள்ள தாளை அனுப்ப மனம் வரவில்லை, அதனால் புதுத் தாள் எடுத்திருக்கிறேன். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தங்கை வீட்டு முகவரி எனக்கு நன்றாகத் தெரியும், தபால்காரருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். அண்ணனுடைய புத்தகத்தை எங்கள் அச்சகம் மறுபடி போட ஒப்புக்கொண்டுவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன் வந்து, இப்போது எங்கே தேடினாலும் ஒரு பிரதி கிடைக்காத புத்தகம். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்குள் வந்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி வாங்கிய சம்மதம் இது. எழுத்தெல்லாம் கோத்தாகிவிட்டது. புரூஃப் நானே பார்க்கிறேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. ஆனால் படங்களுக்கு வழியில்லை. படம் அச்சடிக்கிற பழைய உலோக பிளாக்குகள் அரித்துப்போய்விட்டன. புது பிளாக் எடுக்க அசல் படங்கள் வேண்டும். அறுபத்து மூன்று படங்களும் உங்கள் தகரப் பெட்டியில்தான் இருக்கின்றன.

வீட்டைக் காலி செய்த அன்று நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "வரைஞ்சது நீங்களா இருக்கலாம், கண்டுபிடிச்சது எங்க அண்ணன்" என்றேன். சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட ஏழாம் அத்தியாயத்துப் படம் முக்கியம். உங்களுக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? ரோமானியக் கப்பல்களில் வந்த அந்தச் சிவப்புத் தட்டுகளின் நடுவில் பட்டறையின் முத்திரை குத்தியிருக்கும். எல்லாம் அவர்கள் ஊர்ப் பெயர்கள். ஒரே ஒரு உடைந்த ஓட்டில் மட்டும் அதே ரோமன் எழுத்துகளில் "ஒட்டா" என்று இருக்கிறது. அந்தப் பெயர் மேற்கத்திய பட்டறைகளின் எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஆகவே இந்தக் கரையைச் சேர்ந்த ஒருவன் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, தன் பெயரையே முத்திரையாக வெட்டிக் குத்தியிருக்கிறான் என்று அண்ணன் எழுதினார். ஊர் உலகத்துக்கு அண்ணனைத் தெரிந்ததே இதனால்தான். அம்மா கடைசிவரை வருவோர் போவோரிடமெல்லாம் "எம் பையன் ஒரு ஆளையே கண்டுபிடிச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

படங்களை அனுப்புங்கள். நான் கேட்பதாக நினைக்க வேண்டாம், அண்ணனுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 15

வாயாடிக்கு,

உன் அண்ணன் வைத்த பெயர். உன்மேல் கோபமாக இருக்கும்போதும் எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

மூன்று கடிதமும் வந்தன. தபால்காரர்மேல் பழி போடமாட்டேன். பதில் எழுத எனக்கு நாள் பிடிக்கும். நீ நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் நான் ஒரு வார்த்தையைத்தான் யோசித்து முடித்திருப்பேன், அது உனக்குத் தெரிந்ததுதானே.

பதிவுத் தபாலில் அறுபத்திரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறேன். ஓரம் மடங்காமல் எடுக்கச் சொல். ஒவ்வொன்றின் பின்பக்கமும் வரைந்த தேதி பென்சிலில் இருக்கும், அது என் பழக்கம். பிளாக் எடுப்பவர் அழுக்கு என்று நினைத்து அழித்துவிடப்போகிறார்.

ஏழாம் அத்தியாயத்துப் படம் அதில் இல்லை. தொலைந்துபோகவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. தரமாட்டேன். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மற்றதைப் போடு. மற்றதெல்லாம் நல்ல வேலை, நாளைக்கும் நிற்கும். காரணம் மட்டும் கேட்காதே.

நீ விசாரிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே உள்ள பலகையின் எழுத்துகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். கடைசி வரி பலருக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லத்தான் மனம் வராது. உத்தேசமாக ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

காரணம் கேட்கக் கூடாதாம். நல்ல நியாயமாக இருக்கிறது.

ஏழாம் அத்தியாயம் இல்லாமல் அந்தப் புத்தகம் எதற்கு? அட்டையில் அந்த முத்திரை, முன்னுரையில் அந்த முத்திரை, அண்ணனைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அந்த முத்திரை. எடுத்துவிட்டுப் போடு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். முதலாளி ஏப்ரல் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் அச்சில் வேறு வேலை ஏறிவிடும்.

எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் புத்தகத்தில் எங்கேயும் உங்கள் பெயர் இல்லை. "படங்கள் வரைய உதவியவர்களுக்கு நன்றி" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருக்கிறது. முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கே சுருக்கென்றது. அண்ணனிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை. இந்தப் பதிப்பில் உள்பக்கத்தில் உங்கள் பெயரைத் தனி வரியாகப் போடுகிறேன், பெரிய எழுத்திலேயே போடுகிறேன். அந்த மனக்குறைக்காக இறந்துபோன மனுஷனின் பெயரைக் கெடுக்காதீர்கள்.

நேற்று மூன்றாம் அத்தியாயத்தின் புரூஃப் பார்த்தேன். முத்திரையில் இருப்பது பட்டறைச் சொந்தக்காரனின் பெயர், சக்கரத்தின் முன் உட்கார்ந்து தட்டைச் செய்தவன் பெரும்பாலும் அடிமை, அவன் பெயர் எதிலும் கிடையாது என்று அண்ணன் எழுதியிருக்கிறார். படிக்கும்போது உங்கள் ஞாபகம் வந்தது. அடுத்த வரியில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதைத் திருத்திவிட்டு மேலே போனேன்.

முடிவாகச் சொல்கிறேன். ஏப்ரல் பத்துக்குள் அந்தப் படம் வராவிட்டால் நானே அருங்காட்சியகக் கிடங்குக்குப் போய், அசல் ஓட்டை எடுக்கச் சொல்லி, வேறு ஒருவரை வைத்து வரைந்து வாங்கிக்கொள்வேன். உலகத்தில் வரையத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று இல்லை.

நாத்தனார்


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

அசல் ஓட்டைப் பார்க்கப் போவதாக எழுதிவிட்டாய். இனி மறைத்துப் பயனில்லை. முதலில் உட்கார்ந்துகொள்.

ஒட்டா என்று ஒரு குயவன் கிடையாது. அவனை உண்டாக்கியவள் நான்.

புத்தகம் வந்த வருடம், நகல் எடுக்கப் போக வேண்டிய அன்று உன் அண்ணனுக்குக் காய்ச்சல். கிடங்கில் அப்போது அனுமதி கொடுத்திருந்தது ஒரே ஒரு நாள், அதுவும் இரண்டு மணி நேரம். நான் தனியாகப் பேருந்து பிடித்துப் போனேன். நாற்பத்தொரு ஓடுகள். முத்திரையின் மேல் மெல்லிய தாளை விரித்து, மென்மையான பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் மேலே எழும்பி வரும். அப்படித்தான் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தாளுக்கும் மை இட்டேன். அந்தத் தாள் எவ்வளவு மெல்லிசு என்றால் பென்சில் கோடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியும். கடைசித் தாளை மட்டும் புரட்டிப் போட்டு மை இட்டிருக்கிறேன்.

வேறு எழுத்துகளாக இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஓர் "ஆர்" இருந்து, அது திரும்பிக்கொண்டு நின்றால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இதில் இருப்பவை ஓ, டி, டி, ஏ. நான்கும் கண்ணாடியில் பார்த்தாலும் அதே உருவத்தில் இருக்கிற எழுத்துகள். வரிசை மட்டும்தான் மாறும். ஓட்டில் உண்மையில் இருப்பது ஏ, டி, டி, ஓ. அட்டோ. மேற்கே பெயர்போன பட்டறை. எந்தப் பட்டியலைப் பிரித்தாலும் முதல் இரண்டு பக்கத்துக்குள் இருப்பான். இந்தக் கரையை அவன் கனவில்கூடப் பார்த்திருக்கமாட்டான்.

அந்தப் பெயரைப் படித்த அன்று நான் சிரித்தேன். "பேரே ஒட்டா. இது எங்கே போய் ஒட்டப்போகுது?" என்று கேட்டேன். உன் அண்ணனும் சிரித்தார். அப்புறம்தான் பட்டியல்களில் தேடினார், எதிலும் இல்லை என்றதும் அவருக்கு மூன்று நாள் தூக்கமே இல்லை.

புத்தகம் வந்து இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் அந்த ஓட்டின் புகைப்படம் கேட்டு எழுதினார். அடுத்த வாரம் உன் அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். "நீ தாளைத் திருப்பிப் போட்டிருக்க. இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வரேன். போகட்டும், யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புகைப்படம் கேட்டவருக்கு, பெட்டி கிடைக்கவில்லை என்று பதில் போட்டார். என் கைத்தவறுக்காக அந்த மனுஷன் பொய் எழுதினார். அன்றோடு நான் பேனாவை வைத்துவிட்டேன். ஒன்பது வருடம் ஆகிறது. எனக்குக் கண் மங்கிவிட்டது என்று உங்களிடமெல்லாம் சொன்னேனே, அது பொய். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

கூட்டங்களில் "ஒட்டாவைக் கண்டுபிடித்தவர்" என்று அவரை மேடைக்கு அழைக்கும்போதெல்லாம் நான் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போவார். எனக்காக எவ்வளவு தாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

தவறு என்னுடையது. அவர் பெயரோடு அது சேர வேண்டாம். சத்தமில்லாமல் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு, வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் நின்றபடியே படித்தேன். ஈய எழுத்துகளைத் தினமும் திருப்பிப் படிக்கிற கண் என்னுடையது. பதினோரு வருடமாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அந்தக் கோபத்திலேயே சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கிடங்குக்குப் போனேன். நீங்கள் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் போனேன், மறைப்பானேன்.

கிடங்குக்காரர் நல்ல மனிதர். இரும்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கி, பழைய செய்தித்தாளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஓடு என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். எழுத்துகள் எழுந்து நின்றன. ஏ, டி, டி, ஓ. நீங்கள் எழுதியது அத்தனையும் சரி.

அதோடு எழுந்து வந்திருப்பேன். கிடங்குக்காரர் பெட்டிக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் எல்லாரும் அதில் பெயர், தேதி, பார்த்த பொருள் மூன்றும் எழுத வேண்டுமாம். "பதினோரு வருஷத்துல நாலே வரிதாம்மா ஆயிருக்கு" என்றார்.

அண்ணி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். முதல் வரியில் உங்கள் கையெழுத்து, ஜூன் மாதம். மூன்றாவது வரி அண்ணன், சமையலறை வாசலில் உங்களிடம் வந்து நின்ற அந்த வருடம். நான்காவது நான். நடுவில் இரண்டாவது வரியும் அண்ணனுடையது. உங்களுக்கு அடுத்த வரி. நீங்கள் போன அதே வருடம், ஆகஸ்ட் 9. பார்த்த பொருள்: "எண் 41, முத்திரை." புத்தகம் வந்தது நவம்பரில்.

நாலு தடவை படித்தேன். கிடங்குக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் அண்ணன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் பள்ளிக்கூட அட்டையில் அப்பாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டதே அவர்தான்.

அச்சுக்குப் போவதற்கு முன்பே அவர் போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து, அப்படியே விட்டிருக்கிறார்.

இதை எழுதாமல் பத்து நாள் மென்று முழுங்கப் பார்த்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் அத்தியாயம் போய்விடும், அண்ணன் பெயர் நிற்கும், உங்களுக்கும் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை. உங்களைப் பற்றி நான் எழுதியதெல்லாம் ஞாபகம் வந்து மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் முடிகிற விஷயமா இது?

அண்ணன்மேல் எனக்குப் பாசம் இன்னும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது என்ன செய்யட்டும்? அத்தியாயத்தை எடுத்துவிடட்டுமா, திருத்தம் போடட்டுமா, போட்டால் யார் தவறு என்று போடட்டும்? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் வந்த அன்று கடையில் ஒருவருடைய கண்ணாடியை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தேன். அவரும் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்து சத்தம் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். ஆகஸ்ட் 11 என்று இருக்கிறது. அவர் ஓட்டைப் பார்த்து இரண்டு நாள் கழித்து. எனக்கு நன்றாக நினைவு வந்துவிட்டது. "இன்னும் பெருசாப் போடு, அட்டைக்கு வேணும்" என்றார். என் மெல்லிய தாளைப் பார்த்தே நான் பெரிதாக்கி வரைந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முடிகிறவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. பொய் எழுதியதற்காகக்கூட இல்லை. பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை யாருக்கு இல்லை, அதில் தடுமாறிவிட்டார் என்று விட்டுவிடுவேன். எட்டு வருடம் நான் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர் அதை வாங்கிக்கொண்டே இருந்தார். அதுதான் பொறுக்கவில்லை. என் தங்கை பயந்துபோய்க் கதவைத் தட்டும் அளவுக்கு அழுதேன். இப்போது தேவலை.

"நீங்கள் சொல்கிறபடி" என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. உன் அண்ணனும் சுமையை என் தலையில் வைத்துவிட்டு எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி நின்றார். உனக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

நான் சொல்லக்கூடியது என் பங்கைப் பற்றித்தான். அத்தியாயத்தை எடுக்காதே. எடுத்தால் மறைத்தது போலாகும், பழைய பிரதி வைத்திருப்பவர்கள் ஒட்டாவை நம்பிக்கொண்டே இருப்பார்கள். அப்படியே போட்டு, முடிவில் ஒரு திருத்தக் குறிப்பு சேர். இரண்டு வாக்கியம். முதல் வாக்கியத்தை நான் எழுதித் தருகிறேன்: "இந்த முத்திரையின் நகல் தாளைத் தவறுதலாகப் புரட்டிப் போட்டு மை இட்டவள் நான், ஓட்டில் இருப்பது அட்டோ." அதன் கீழே என் முழுப் பெயரையும் போடு. உள்பக்கத்தில் பெரிய எழுத்து, நன்றி, அதெல்லாம் வேண்டாம். அந்தப் புத்தகத்தில் என் பெயர் வருகிற ஒரே இடம் அதுவாக இருக்கட்டும். தவறு நான் செய்ததுதான். அதை எனக்காக யாரும் மூடிவைக்கவும் வேண்டாம், இருப்பதைவிடப் பெரிதாக்கவும் வேண்டாம்.

இரண்டாவது வாக்கியம் உன்னுடையது. எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். விட்டுவிட்டால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன், நிஜமாகவே கேட்கமாட்டேன். எழுதினால் உன் பெயரைப் போட்டு எழுது.

கடையில் இரண்டு நாள் விடுப்பு வாங்கியிருக்கிறேன். நாளைக்குக் கிடங்குக்குப் போகிறேன். பேனாவும் மையும் வாங்கிவிட்டேன், கை எப்படி இருக்கிறது என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணி,

புதுப் படம் வந்தது. பிளாக் எடுப்பவர் இரண்டு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்று கேட்டார். எங்க அண்ணி என்றேன்.

முதலாளியிடம் கெஞ்சி ஒரு வாரம் தள்ளிவைத்தேன். உங்கள் வாக்கியத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் போட்டாகிவிட்டது. என் வாக்கியம்தான் வரவில்லை. "நூலாசிரியர் பின்னர் அறிந்திருக்கக்கூடும்" என்று ஒன்று எழுதினேன். "உடல்நலக் குறைவால் சரிபார்க்க இயலவில்லை" என்று ஒன்று. எல்லாம் பூசி மெழுகுகிற வேலை. பிழை திருத்துவது என் தொழில், என் கையாலேயே பிழையை எழுதிக்கொண்டிருந்தேன். கிழித்துப் போட்டேன். நீங்கள் ஏன் என்று கேட்கமாட்டீர்கள் என்பதுதான் என்னை விடவில்லை.

கடைசியில் தாளில் எழுதாமல், கோப்பவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானே நின்று எழுத்து எழுத்தாகக் கோத்தேன். "நூலாசிரியர் அந்த ஓட்டை, புத்தகம் அச்சாகும் முன்பே, ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நேரில் பார்த்தார், பார்த்த பிறகும் மாற்றவில்லை." கீழே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் "அவருடைய தங்கை" என்று சேர்த்தேன்.

முதலாளி அந்தப் புரூஃபை வாங்கிப் படித்தார். பிறகு, வாக்கியம் இருக்கட்டும், தங்கை என்பது மட்டும் எதற்கு, வேண்டாமே என்றார்.

"அது இல்லாம போடக்கூடாதுங்க" என்றேன்.

இன்று காலை அச்சேறிவிட்டது.

வாயாடி